அட்டை விழுங்கிய வரி

மல்லம்மாவின் பாதம் வரைக்கும் சரியாக இருந்தது. பாதத்துக்குக் கீழே வெறும் வெள்ளை அட்டை.

கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். என் மூச்சுதான் கண்ணாடியில் புகையாகப் படிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நான் எழுதிய வரி இல்லை.

பஞ்சாரா ஹில்ஸ் பக்கம் ஒரு கேலரி அது. ஞாயிற்றுக்கிழமை காலை. மூன்று மணிக்குத் திறப்பு விழா. புது பெயிண்ட் வாசனை, ஏசி குளிர். இருபத்திரண்டு பேரின் படங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்புச் சட்டம், ஒரே வெள்ளை அட்டை, பிரேயருக்கு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

அந்த அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டிய அட்டை ஒன்று வைப்பார்கள். மவுண்ட் என்று பெயர். படம் கண்ணாடியில் ஒட்டாது, பார்க்கவும் மரியாதையாக இருக்கும். நல்ல சாமான்தான். ஆனால் நாலு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குப் படத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். என் படங்களில் அந்தக் கடைசி இரண்டு விரல் அகலத்தில்தான் ஆட்கள் பேசுவார்கள்.

பக்கத்தில் ஒரு லேபிள் ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில். "பாஸ்கெட் உமன்." அதன் கீழே பத்மா என்று என் பெயர். அதன் கீழே "எமர்ஜிங் ஆர்ட்டிஸ்ட்."

வளர்ந்துவரும் ஓவியராம். எனக்கு ஐம்பத்தொரு வயது. என்னிடம் வளர்ந்துவருவது முட்டி வலி ஒன்றுதான். அதைக்கூட விட்டுவிடலாம். படத்துக்கு நான் வைத்த பெயர் "மல்லம்மா". கூடைக்காரி இல்லை.

அன்று பிற்பகல் மல்லம்மா தன் படத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

எழுத்து ஒன்று, பேச்சு ஒன்று

சென்ற சில வாரங்களாக இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்கு என் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் வேலூர்ப் பக்கத்து ஆட்கள். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத். என் வீட்டுக்காரர் சேகர் லாலாகுடா ரயில்வே வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நான் போலாரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். படம் வரைய யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. போகவர இரண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எதிர் சீட்டுக்காரர்களை வரைந்து வரைந்து வந்த பழக்கம்.

பஸ்ஸில் கண்ணுக்கு வேலை இருக்கிற அதே நேரத்தில் காதுக்கும் வேலை இருக்கும். ஒருத்தர் முகத்தை வரைந்துகொண்டிருக்கும்போது அவர் ஏதாவது சொல்லிவிடுவார். கண்டக்டரிடமோ, போனிலோ, தன்னிடமேவோ. அந்தப் பேச்சு இல்லாமல் அந்த முகம் எனக்கு முடிந்ததாகத் தோன்றாது. அதனால் படத்தின் அடியில் எழுதிவிடுவேன். தலையிலிருந்து வரைய ஆரம்பிக்கிற ஆள் நான். கால் வரும்போது காகிதம் தீர்ந்திருக்கும். மிச்சமிருக்கிற ஓரத்தில் வரியைத் திணிப்பேன்.

இதில் ஒரு கூத்து உண்டு. நான் படித்தது இங்கிலீஷ் மீடியம், இரண்டாவது மொழி இந்தி. தெலுங்கு தெருவில் கற்றது. பஸ் போர்டு படிப்பேன், எழுத வராது. தமிழ் எழுத்து மட்டும் அம்மா வீட்டில் வாரப் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு கற்றுக் கொடுத்தது. அதனால் தெலுங்கில் கேட்டதைத் தமிழ் எழுத்தில் எழுதுவேன். தக்கனி இந்தியில் கேட்டதையும் தமிழ் எழுத்தில்தான். "கைக்கு பாய், இத்னா லேட்" என்று ஒரு ஆட்டோக்காரர் படத்தின் அடியில் இருக்கிறது. கைக்கு என்றால் இந்த ஊரில் "எதுக்கு"; எதுக்கு அண்ணே இவ்வளவு லேட் என்கிறார். கேலரிக்காரர்கள் இப்படி ஒரு வரியைப் பார்த்து ஏதோ மந்திரம் என்று நினைத்திருக்கலாம்.

உயிரோடு இருந்தவர் இறந்த கதை

இதற்கு முன் ஒரே ஒரு குழு கண்காட்சியில்தான் கலந்துகொண்டிருந்தேன். போலாரத்தில் ஒரு பழைய பங்களாவின் கூடத்தில். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பாயில் மல்லாந்து தூங்கும் என் வீட்டுக்காரரை வரைந்து கொடுத்திருந்தேன். கண்ணை மூடுவதற்கு முன் அவர் சொன்னதை அடியில் எழுதியிருந்தேன். "அரை மணி தூங்கிட்டு எழுந்து போஸ் குடுக்கறேன். அதுக்குள்ள வரைஞ்சிடாதே."

அங்கேயும் மவுண்ட் போட்டார்கள். அட்டை இப்படிச் செய்யும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வரி உள்ளே போய்விட்டது. மிச்சம் என்ன? வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலையணை, மூடிய கண், மார்பில் சேர்த்து வைத்த இரண்டு கை.

டிஃபென்ஸ் குவார்ட்டர்ஸ் அம்மா ஒருவர், திருநெல்வேலிக்காரர், படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முகத்துல என்ன ஒரு அமைதி பாருங்க. எப்பம்மா தவறிட்டாவ?"

அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் இரண்டு பேப்பர் கப்பில் டீ எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னும் தவறலீங்க," என்றார். "டீ சாப்புடறீங்களா?"

அந்த அம்மா டீயை வாங்காமலே போய்விட்டார். பாவம், அவர் மேல் என்ன தப்பு. ஸ்கூட்டரில் திரும்பும்போது அல்வால் தாண்டியிருப்போம். இவர் தலையைத் திருப்பாமல் சொன்னார்.

"என்னை வரை. நக்கோ, வேணாம்னு சொல்லல. ஆனா உயிரோட வரை."

அன்றைக்கு நான் அங்கே யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரியைக் காணோமே என்று சொல்லவில்லை. சான்றிதழ் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். சால்வை போர்த்தினார்கள், குனிந்தேன். சிரித்துக்கொண்டே வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என் கன்னத்தை நானே கிள்ளிக்கொள்ளத் தோன்றும். என் வீட்டுக்காரர் விஷயம் எப்படியோ வேடிக்கையாகப் போய்விட்டது. மல்லம்மா விஷயம் அப்படி இல்லை.

போவன்பள்ளியில் ஒரு ஞாயிறு

போவன்பள்ளி மார்க்கெட்டில் மூட்டைக் காய் வாங்க வருகிற கூட்டத்துக்கு ஓரமாக, கேட்டுக்குப் பக்கத்தில், மல்லம்மா கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை விற்கிறார். அறுபது வயது இருக்கும். மூங்கில் கூடை. வரையட்டுமா என்று கேட்டேன். "வரைஞ்சா கட்டு வாங்குவியா?" என்றார். வாங்குவேன் என்றேன். கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றை என் பக்கம் காலால் தள்ளினார்.

உட்கார்ந்தேன். கூடையில் மாட்டிக்கொண்டேன். அந்தப் பின்னல் இருக்கிறதே, ஒரு பட்டை மேலே ஒரு பட்டை கீழே, அதற்குள் ஈரத் தழையின் நிழல். சுற்றிலும் லாரி ஹாரன், அழுகிய கோஸ் வாசனை. எதுவும் எனக்கு உறைக்கவில்லை. கால் மணி நேரம் கூடையையே வரைந்துகொண்டிருந்தேன்.

மல்லம்மா அதுவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சாவதானமாகச் சொன்னார்.

"கம்ப காது பிட்டா, நன்னு சூடு."

பிட்டா என்றால் பிள்ளை. கூடையை இல்லை பிள்ளே, என்னைப் பார்.

கேலியாகத்தான் சொன்னார். பக்கத்தில் எலுமிச்சை விற்றவர்கூடச் சிரித்தார். ஆனால் என் பென்சில் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேராக என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இனி முகம் தப்பினால் அது உன் தப்பு என்பதுபோல ஒரு பார்வை. பத்தே நிமிடம். முகம் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் வரைந்ததிலேயே நல்ல முகம் அது.

அந்த வரி படத்துக்குப் போட்ட நகை இல்லை. அது சொல்லப்பட்டதால்தான் அந்தப் படமே வந்தது. அதை மறைத்துவிட்டு "பாஸ்கெட் உமன்" என்று ஒட்டினால், எதைப் பார்க்காதே என்று அவர் சொன்னாரோ அதையே பார்க்கச் சொல்கிறோம்.

யார் படிப்பார்கள்

சுனீதா மேடம்தான் கண்காட்சியை நடத்துகிறவர். நல்ல உழைப்பாளி. காலையிலிருந்து செருப்புகூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். தமிழில் தருகிறேன், இந்த ஊர் ஆமாமான "ஹவ்" மட்டும் அப்படியே.

"மேடம், கீழே இருக்கிற வரி மறையக்கூடாதுன்னு போன்ல சொன்னேனே. நீங்க ஓகேன்னீங்க."

"சொன்னேன், ஹவ். ஆனா பிரேம் போடறவர் எல்லாத்துக்கும் ஒரே அளவுல வெட்டிட்டார். இப்ப மாத்த நேரமில்ல பத்மாகாரு. உண்மையைச் சொல்லட்டுமா? அது இல்லாமத்தான் படம் நீட்டா இருக்கு."

"அது அவங்க சொன்னது மேடம்."

"இருக்கட்டும். யார் படிப்பாங்க சொல்லுங்க. தெலுங்குக்காரங்களுக்கு எழுத்து புரியாது. தமிழ்க்காரங்களுக்குப் பேச்சு புரியாது."

"ரெண்டும் புரியறவங்க இருக்கோம். இந்த ஊர்லதான் இருக்கோம்."

"எத்தனை பேர்?"

"வந்தா படிக்கட்டும். வரலேன்னா இருக்கட்டும்."

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் தோளில் கை வைத்தார். "லேபிள்ல இங்கிலீஷ்ல போட்டுடறேன். அழகா டைப் பண்ணி. சரியா?"

"லேபிள்ல நீங்க பேசுவீங்க மேடம். அவங்க எங்க பேசுவாங்க?"

"இருபத்திரண்டு பேர் இருக்காங்க. ஒருத்தருக்கு மட்டும் வேற மாதிரின்னா சுவரே கெட்டுப்போகும். மவுண்டோட இருந்தா சுவர்ல இருக்கும். இல்லேன்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தச் சுவருக்காக அவர் ஒரு மாதம் அலைந்திருக்கிறார். எனக்கு அது தெரியும். நல்லவர்களை எதிர்த்து நிற்பதுதான் சிரமம். கெட்டவர்களை எதிர்க்க ஒரு கோபம் போதும்.

வாசலில் ஸ்கூட்டர்மேல் சாய்ந்து நின்ற என் வீட்டுக்காரரிடம் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"இன்னா, கழட்டணுமா?"

"கழட்டணும்."

"யோசிச்சிட்டியா?"

"யோசிச்சா கழட்ட மாட்டேன்."

டிக்கியைத் திறந்து கட்டிங் பிளையரை எடுத்தார். ரயில் பெட்டிக்கு அடியில் படுத்து முப்பது வருஷம் போல்ட் கழற்றிய கை. கேலரித் தரையில் செய்தித்தாள் விரித்து, சட்டத்தைக் குப்புறப் போட்டு, பின்னால் இருந்த சின்ன ஆணிகளை ஒவ்வொன்றாகப் பல் பிடுங்குவதுபோலப் பிடுங்கினார். கண்ணாடியை எடுத்து ஓரமாகச் சாய்த்தார். மவுண்டைத் தூக்கினார். வரி முழுசாக இருந்தது. ஓர் எழுத்தில் மட்டும் பசை பட்டுக் கொஞ்சம் மங்கல்.

மவுண்ட் இல்லாமல் அந்தச் சட்டத்துக்குள் படம் நிற்கவில்லை. சட்டம் பெரிது, காகிதம் சின்னது. பின்புறத்து அட்டையிலேயே படத்தை வைத்து, நான் பள்ளிக்கூட ஆபீசுக்காகப் பையில் வைத்திருக்கும் கிளிப்பை நாலு மூலையிலும் மாட்டினோம். பரீட்சை எழுதுகிற அட்டை மாதிரி இருந்தது. அழகு என்று நானும் சொல்ல மாட்டேன்.

சுனீதா மேடம் வந்து பார்த்தார். தலையை மட்டும் அசைத்தார். "இதைச் சுவர்ல மாட்ட முடியாது பத்மாகாரு."

"மாட்ட வேணாம் மேடம். பங்கேற்கறவங்க அவங்கவங்க படத்துக்குப் பக்கத்துல நிக்கணும்னு சொல்லியிருக்கீங்க. எனக்குக் குடுத்த இடத்துல நான் நிக்கறேன். படம் என் கையில இருக்கும்."

அவர் என்னையும் என் வீட்டுக்காரர் கையிலிருந்த பிளையரையும் மாறிமாறிப் பார்த்தார். வாசலில் பூக்காரர் கூப்பிட்டார். போய்விட்டார்.

ஆணியும் நானும்

மூன்று மணிக்கு விளக்கேற்றினார்கள். இருபத்தொரு பேர் படங்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள். நான் ஒரு வெறும் ஆணிக்குக் கீழே, படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். தொட்டால் ஒட்டிக்கொள்ளும்போல இரண்டு பக்கத்தவர்களும் அரை அடி தள்ளி நின்றார்கள்.

சிறப்பு விருந்தினர் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. ஒவ்வொரு படமாக வந்தார். என்னிடம் வந்ததும் ஆணியைப் பார்த்தார். பிறகு என்னை.

"ஏன் கையில வெச்சிருக்கீங்க?"

"சட்டத்துல போட்டா இவங்க பேசறது மறைஞ்சிடுது சார்."

குனிந்து வரியைப் பார்த்தார். "எந்த மொழி?"

"பேச்சு தெலுங்கு. எழுத்து தமிழ்."

"இன்ட்ரஸ்டிங்," என்றார். அந்த வார்த்தைக்கு "அடுத்த படத்துக்குப் போகலாம்" என்று அர்த்தம் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

அதன் பிறகு வந்தவர்களுக்கு நானாகவே படித்துக் காட்ட ஆரம்பித்தேன். கேட்டாலும் கேட்காவிட்டாலும். சிலர் சிரித்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் என் மேல் பரிதாபப்படுகிற மாதிரி தலையாட்டிவிட்டுப் போனார். அரை மணியில் தோள்பட்டை கடுத்தது. கட்டை விரல் மரத்தது. கீழே வைத்தால் என்ன என்று மனசு ஒருமுறை கேட்டது. தரையில் சாய்த்துவைத்த படத்தை அங்கே யாரும் படம் என்று பார்க்க மாட்டார்கள். வைக்கவில்லை.

நாலு மணி வாக்கில் மல்லம்மா வந்தார். பச்சைச் சேலை, தலையில் பூ, கையில் ஒன்றுமில்லை. கூடை இல்லாமல் அவரை அன்றுதான் பார்க்கிறேன். வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் போய் அழைத்து வந்தார்.

நேராக என் முன்னால் வந்து நின்றார். முதலில் படத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

"ஏன் பிட்டா கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிற? இங்க சுவர் இல்லையா?"

"இருக்கு மல்லம்மா. நீங்க சொன்னதை மறைச்சாத்தான் சுவராம்."

"நான் சொன்னதா? எங்க இருக்கு?"

அவருக்கு எந்த எழுத்தும் தெரியாது. தெலுங்கும் தெரியாது, தமிழும் தெரியாது. விரலைப் பிடித்து வரியின் மேல் வைத்தேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை மெதுவாக நகர்த்திக்கொண்டே படித்தேன். கொத்தமல்லி வாசனை அந்த விரலில் இருந்தது. முடிந்ததும், விரலைத் திரும்ப முதலுக்குக் கொண்டுபோனார். இன்னொரு தரம் படி என்று அர்த்தம். படித்தேன்.

பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"மூக்கு கொஞ்சம் பெருசு."

"ஹவ், பெருசுதான்."

"இருக்கட்டும். பார்த்துத்தானே போட்ட."

சுனீதா மேடம் விருந்தாளியை வழியனுப்பிவிட்டு எங்கள் பக்கம் வந்தார். மரியாதையாகக் கை கூப்பினார். "வாங்கம்மா. படம் பிடிச்சிருக்கா?"

"மறைக்கச் சொன்னது நீங்களா?" என்றார் மல்லம்மா. சண்டைக் குரல் இல்லை. கட்டு என்ன விலை என்று கேட்பவருக்குப் பதில் சொல்கிற அதே குரல்.

"மறைக்கலம்மா. பார்க்க அழகா இருக்கட்டும்னு."

"நான் பேசினா அழகு போயிடுமா?"

சுனீதா மேடம் என்னைப் பார்த்தார். நானும் உதவி செய்யவில்லை. கடைசியில், "டீ அனுப்பறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி டீ வந்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆணிக்கு மட்டும் எந்தப் படமும் வரவில்லை.

மல்லம்மா என் கையைக் கவனித்தார். படம் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"குடு," என்றார். "உன் கை நடுங்குது. நான் மூட்டை தூக்கறவ."

வாங்கிக்கொண்டார். அதே ஆணிக்குக் கீழே, தன் முகத்துக்குக் கீழே தன் முகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வந்தவர்களுக்கு நான் படித்துக் காட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவர்களுக்கு அவரே சொன்னார், அவருடைய தெலுங்கில், அவருடைய குரலில். டீ குடித்துக்கொண்டு நான் சுவரோரமாக நின்று, என் படத்தை முதல்முறையாகக் கொஞ்சம் தூரத்திலிருந்து பார்த்தேன்.

கடைசியில் ஒரு போட்டோ

முடிகிற நேரத்தில் குரூப் போட்டோ. எல்லோரும் சான்றிதழோடு நிற்க வேண்டும். போட்டோக்காரர் வரிசை கட்டினார். மல்லம்மாவைப் பார்த்து, "அம்மா, நீங்க கொஞ்சம் ஓரமா. ஆர்ட்டிஸ்ட் மட்டும்," என்றார்.

"அவங்க என்னோட வந்தவங்க," என்றேன்.

"படம் வேணாம் மேடம். சான்றிதழ் போதும்."

"என் சான்றிதழ் அவங்க கையில இருக்கு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சுனீதா மேடம் வரிசையின் நடுவிலிருந்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவர் வலப்பக்கம் ஓர் அடி நகர்ந்தார். அந்த இடைவெளியில் மல்லம்மா போய் நின்றார். படத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். அவருக்குப் பின்னால்தான் எனக்கு இடம் கிடைத்தது. நான் குள்ளம்.

போட்டோக்காரர் கேமராவிலிருந்து தலையை எடுத்தார்.

"மேடம், அவங்க தலையும் படமும் உங்களை மறைக்குது. உங்க நெத்தி மட்டும்தான் தெரியுது. கொஞ்சம் இறக்கிப் பிடிக்கச் சொல்லுங்க."

"எழுதியிருக்கிறது தெரியுதா?"

குனிந்து பார்த்தார். "தெரியுது."

"அப்ப எடுங்க."